ஊற்றிவிட்ட பாணி மருந்து

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து வாப்பாவுக்கு ஈரல் வருத்தம் கூடிவிட்டது என்று பயந்துவிடாதே. அறுபத்தாறு வயதுவரை மண்வெட்டி பிடித்த கை இது, பேனையை அதே பிடியில்தான் பிடிக்கிறது. எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறுகின்றன, கீழே விழுகின்றன. சில இடத்தில் தாள் கிழிந்தும் இருக்கும். பொறுத்துக்கொள். உம்மா எழுதித் தந்தாள் என்றும் நினைக்காதே. அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் இவ்வளவு வந்திருக்கிறது. எல்லாம் நானே போட்ட எழுத்து மகள். நான் ஒன்றை நினைக்க, அது தாளில் போய்க் குந்திக்கொள்கிறது. சின்ன வயதிலேயே இது தெரிந்தவர்கள் இதை எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று விளங்கவில்லை.

நான் எழுதப் பழகுவதை உனக்குச் சொல்லக் கூடாது என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். போன வருடம் கொழும்பில் ஈரல் வைத்தியர், ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதச் சொன்னார். இந்த வருத்தத்தில் புத்தி குழம்புவதற்கு முன் கையெழுத்துக் குழம்புமாம். வீட்டில் உள்ளவர்கள் கொப்பியைப் பார்த்தே பிடித்துவிடலாமாம். எனக்குப் பெருவிரல் அடையாளம்தான் தெரியும் என்றேன். அப்படியானால் ஒரு நட்சத்திரம் கீறுங்கள் என்றார். இரண்டு மாதம் நட்சத்திரம் கீறினேன். எப்படியும் கோடு கீறத்தான் போகிறேன், அதை ஓர் எழுத்தாகக் கீறினால் என்ன என்று பிறகு தோன்றியது. எட்டாம் வகுப்புப் படித்த உன் உம்மா சொல்லித் தந்தாள். பொறுமையாகச் சொல்லித் தந்தாள் என்று எழுதினால் அது பொய். "இது என்ன, உங்கட 'கூ' வள்ளம் மாதிரிக் கவிழ்ந்து கிடக்குது. நாலு பேர் இதுக்குள்ள இருந்து தண்ணி இறைக்கணும்" என்பாள். ஆனாலும் அடுத்த நாள் காலையில் புதுப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருப்பாள்.

முதல் கடிதம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை நீ எடுத்த தொலைபேசி அதை மாற்றிவிட்டது. மாத்தளையில் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே இருக்கிற ஒரு மாஸ்டர் உன்னைக் கேட்டிருக்கிறார், அவருடைய உம்மாவும் சம்மதம், ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ் என்றாய். அதையும் தில்லையடியில், போன முறை வைத்த அதே பள்ளிவாசலில்தான் வைக்க வேண்டும் என்றாய். அதற்குப் பிறகு சொன்னாய்: "வாப்பா, நீங்கதான் வலியா நிண்டு என்னக் கட்டிக் குடுக்கணும். போன முறை நடந்தது வருத்தத்தால நடந்தது. உங்களில ஒரு பிழையும் இல்ல." நான் ஓம் மகள் என்று சொல்லி உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். என்னில் பிழை இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் மறித்து என்னைத் தேற்றத் தொடங்குவாய். தாளில் எழுதினால் கடைசிவரை வாசிக்கத்தானே வேண்டும். வாசித்துவிட்டு, நான் வலியாக நிற்பதா இல்லையா என்பதை நீ முடிவு செய்.

முதலில் இந்த வருத்தத்தை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைப் பலரிடம் சொல்ல வேண்டி வரும். ஈரல் சுருங்கி இறுகிப் போனது குடியால் அல்ல. இருபது வருடச் சீனி வருத்தமும் ஈரலில் சேர்ந்த கொழுப்பும்தான் என்று வைத்தியர் சொன்னார். பாலாவி உப்பளத்தில் நான் மடை பார்த்தவன் என்று அறிந்ததும் அவர் ஒரு தாளில் படம் கீறினார், பக்கத்தில் நின்ற தாதி மிஸ் தமிழில் சொன்னா. களப்பில் இருந்து வருகிற கடல் தண்ணீரை நாங்கள் நேரே உப்புப் பாத்திக்கு விடுவதில்லை. முதல் தேக்கத்தில் சேறு படியும். அடுத்தடுத்த தேக்கங்களில் வெயிலில் இறுகும். எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் பாத்திக்கு வரும். குடலில் இருந்து வருகிற இரத்தமும் அப்படி ஈரலுக்குள் போய்த் தெளிந்துதான் மேலே போக வேண்டுமாம். ஈரல் இறுகினால் இரத்தம் உள்ளே போக முடியாமல் முட்டி நிற்கும். முட்டிய தண்ணீர் என்ன செய்யும்? வரம்பில் நண்டு தோண்டிய வளையைத் தேடும். என் வயிற்றுக்குள் மண்ணீரல் பக்கத்தில் இருந்து சிறுநீரகத்து நாளத்துக்கு, விரல் பருமனில் ஒரு வளைந்த குழாய் தானாகத் திறந்திருக்கிறது. ஈரலைத் தொடாமல் பக்கத்தால் ஓடும் அந்த இரத்தம், கழிவோடு தலைக்குப் போகிறது. அதனால்தான் பகலில் தூக்கம், மறதி, கையை நீட்டினால் காக்கை இறகு அடிப்பது போன்ற ஆட்டம், வாயில் ஒரு விதமான இனிப்பு நாற்றம்.

அப்படியானால் அந்த வளையை அடைத்துவிடுங்களேன் என்றேன். அடைக்கலாம், தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பார்கள். ஆனால் முட்டுகிற தண்ணீர் அப்படியேதான் இருக்கும் என்றார். எனக்கு அவர் மிச்சத்தைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு வளையை அடைத்த அன்று வேறு இடத்தில் வரம்பு போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். என் உணவுக்குழாயில் ஏற்கனவே நாளங்கள் புடைத்து, நான் இரத்தமாக வாந்தி எடுத்து, இரண்டு தடவை இறப்பர் வளையம் போட்டது உனக்குத் தெரியும். வயிற்றில் நீரும் கட்டலாமாம். ஆகவே முதல் வைத்தியம் பாணி மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் வயிற்றால் போக வைத்து, நஞ்சு இரத்தத்தில் சேர முன் வெளியேற்றுகிற மருந்து. புத்தளம் ஆஸ்பத்திரியில் எனக்கு அதைத் தொடங்கியது குழம்பிப்போன உன் முதல் நிக்காஹ்வுக்கும் முன்னால். உம்மா அளந்து தருவாள், நான் குடிப்பேன். நன்றாகத்தான் இருந்தேன்.

இனி நான் உனக்குச் சொல்லாதது. நீ பிறந்தது முகாமில். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த எங்களுக்கு இந்தப் புத்தளத்து ஆட்கள் சோறு தந்தார்கள், ஓலை தந்தார்கள், இருக்க இடம் தந்தார்கள். அதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. ஆனால் முகாம் முழுவதற்கும் இரண்டு குழிக் கக்கூசுதான். விடியமுன் கையில் தகரப் பேணியோடு வரிசையில் நிற்போம். சில வேளை பொறுக்க ஏலாமல் பேணியைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து பற்றைக்கு ஓடுவோம். சைக்கிளில் போகிற ஊர்ப் பொடியன்கள் "பேணி ஓடுது, பேணி ஓடுது" என்று கத்திச் சிரிப்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். நான் அப்போது நாற்பது வயது ஆண். பிறகு காணி வாங்கி வீடு கட்டியபோது முதலில் கட்டியது கக்கூசு. ஊரே சிரித்தது, உம்மாவும் சிரித்தாள். இனி எவன் கண்ணிலும் அவசரத்தோடு ஓடுகிற மனிதனாகப் படமாட்டேன் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. வெட்கம் என்று இப்போது தெரிகிறது.

உன்னைக் கேட்டு வந்த முதல் இடம் பழைய புத்தளத்துக் குடும்பம், தென்னங்காணிக்காரர். அவர்கள் முன்னால் நிக்காஹ் மேடையில் நான் வுழூ செய்த சுத்தத்தோடு உட்கார வேண்டும். பாணி மருந்து குடித்தால் வயிறு எந்த நேரம் கூப்பிடும் என்று சொல்ல ஏலாது. நடுவில் எழும்பி, சாரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மாமன்மார் பார்க்க ஓடுவதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசியது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், உம்மா அளந்து தந்த கோப்பையை வாங்கிக்கொண்டு கிணற்றடியில் வாய் கொப்பளித்துக் குடிக்கிறேன் என்று பின்வளவுக்குப் போய், மதில் ஓரத்தில் ஊற்றினேன். நிக்காஹ் அன்று, வெள்ளிக்கிழமை காலையிலும் ஊற்றினேன். மூன்று நாள்தானே, நிக்காஹ் முடியக் குடிப்போம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை கல்யாணத்துக்கு அறுத்த மாட்டிறைச்சியையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையும் வைத்தியர் குறைக்கச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்த நீயும் பார்க்கவில்லை. என் மகன், உன் காக்கா சொல்லித்தான் நான் அறிந்தேன், உன்னிடம் அவன் பாதியைத்தான் சொல்லியிருப்பான். மௌலவி என் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, "சொல்லுங்க, என்ட மகள் நஸ்ரியாவ" என்றிருக்கிறார். நான் "என்ட மகள் ஹலீமாவ" என்றேனாம். உம்மாவின் பெயர். சபை சிரித்தது. "பொண்ணுட வாப்பாவுக்கு மனிசிய விட வேற பேர் வாயில வராது" என்று யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள். இரண்டாம் தரமும் ஹலீமா என்றேன். அப்போதும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மூன்றாம் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பையனை உற்றுப் பார்த்து, "நீ யார்ட மகன்டா? மடைக்கிட்ட உனக்கு என்ன வேலை?" என்று கேட்டு, அவன் கழுத்துச் சட்டையைப் பிடித்து, உப்பளத்தில் மட்டும் பேசுகிற ஒரு சொல்லால் ஏசினேனாம். என்னை விலக்கப் பிடித்த, மாப்பிள்ளையின் பெரிய மாமா, என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து, "மணக்குது. குடிச்சிட்டு வந்து பள்ளிக்குள்ள குந்தியிருக்கான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை மகள். வாய் மணந்தது. அது ஈரலின் மணம் என்று அவருக்கு எப்படித் தெரியும். அவர்கள் எழும்பிப் போனார்கள். போகிற வழியில், அகதிக்கு அகதியாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னதையும் காக்கா கேட்டிருக்கிறான்.

எனக்கு நினைவு வந்தது மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில். கட்டிலுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். கையில் மருதோன்றி அப்படியே சிவந்திருந்தது, மேலே ஒரு பழைய சட்டை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன் கையைப் பார்த்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. வைத்தியர் சிங்களத்தில் கேட்க, மிஸ் தமிழில் கேட்டா: "நானா, பாணி மருந்த ஒழுங்காக் குடிச்சீங்களா?" ஓம் என்றேன். "ஒரு நேரமும் விடல்லையா?" என்று திரும்பக் கேட்டா. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அல்லாஹ் மேல் சத்தியம் செய்தேன். நீ அந்த மிஸ்ஸிடம் திரும்பிச் சொன்னாய்: "எங்கட வாப்பா நேரம் தவறமாட்டார் மிஸ். உம்மா கையால அளந்து குடுக்கிறவ."

மருந்தை ஊற்றியதை விட எனக்குப் பெரிய பாவமாகத் தெரிவது அந்தச் சத்தியம்தான். அதை எடுத்துக்கொண்டுதான் நீ வெளியே போனாய். ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் பிடித்தபடி தனியாக அவர்களுடைய வீட்டுக்குப் போனாயே. என் வாப்பா குடிக்கிறவர் இல்லை, மருந்து ஒரு நேரமும் விடாதவர், இது வருத்தம் என்று கேற்றுக்கு வெளியே நின்று சொன்னாயே. அந்த மாமா, அட்டை எல்லாம் எடுக்கலாம் பிள்ளை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நீ வீட்டுக்கு வந்து அழவில்லை. முகம் கழுவிக்கொண்டு, தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாய். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல வாப்பா" என்றாய். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உன் கல்யாணம் திரும்பி வந்திருக்காது. ஆனால் நீ என் மேல் கோபப்பட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பாய் என்று நினைக்கிறேன். கோபப்பட உனக்கு ஓர் ஆள் இருந்திருக்கும். நான் அதையும் உனக்குத் தரவில்லை.

அந்தப் பொய் அங்கேயே நிற்கவில்லை. மருந்து குடித்தும் இப்படி ஆகிறதே என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். மருந்தைக் கூட்டினார்கள், விலை கூடிய குளிசை சேர்த்தார்கள், கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கான் எடுத்தபோதுதான் அந்தக் குழாய் தெரிந்தது. பாணி மருந்துக்கு அடங்காத ஆள் என்றபடியால், ஆபத்து இருந்தாலும் அடைக்கத்தான் வேண்டும் என்று நாள் குறித்தார்கள். ஒப்புதல் தாளில் பெருவிரல் வைக்க மை பூசிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. ஐயா, நிக்காஹ் நேரம் நாலு நாளும் நான் குடிக்கவில்லை, ஊற்றினேன் என்றேன். மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னா. வைத்தியர் ஏசவில்லை. கோப்பில் ஏதோ ஒரு வரியை வெட்டிவிட்டு, "அப்ப முதல் ஒழுங்காக் குடிச்சுப் பார்ப்போம்" என்று தமிழிலேயே சொன்னார். அன்றைக்கிலிருந்து ஒரு நேரமும் விடவில்லை. ஒரு வருடமாகப் புத்தி தெளிவு. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, நானும் இருக்கிறேன். அடைக்க வேண்டி வந்தால் அப்போது பார்ப்போம்.

வைத்தியருக்குப் பிறகு உம்மாவிடம் சொல்லத்தான் பயந்தேன். நேற்று, மகளுக்கு எழுதப் போகிறேன், அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை சுளகு நிற்கவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும். மதிலடியில எறும்பு வந்த அண்டைக்கே தெரியும்" என்றாள். அந்தப் பாணி இனிப்பு அல்லவா. கல்யாண வீட்டில் சர்பத் கொட்டியிருக்கும் என்று முதல் நாள் நினைத்தாளாம். அடுத்த நாள் நக்கிப் பார்த்தாளாம். நிக்காஹ் வீட்டு வேலையில் என்னிடம் கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஏன் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "கல்யாணம் போயிட்டு. வாப்பாவும் போயிட்டாரெண்டா அவட கையில என்ன மிச்சம்?" என்றாள். அவளும் என்னோடு சேர்ந்து இதைச் சுமந்திருக்கிறாள். அவள் மேல் கோபப்படாதே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. ஆனாலும் வாப்பா என்றபடியால் இரண்டொன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாஸ்டரிடம் என் வருத்தத்தைப் பற்றி எல்லாம் சொல்லு. குடிகாரர் வருத்தம் இல்லை என்பதோடு நிறுத்தாதே, மருந்தை ஊற்றியதையும் பொய்ச் சத்தியம் செய்ததையும் சொல்லு. அதைக் கேட்டு அவருடைய முகம் எப்படி மாறுகிறது என்று பார். அது உனக்குப் பிரயோசனப்படும். நீயும் உன் சீனியைச் சோதித்துக்கொள், ஈரலையும் ஒரு முறை பார்க்கச் சொல். என் உடம்பில் இருப்பது உன் உடம்பிலும் வரலாம். வருத்தம் வந்தால் அதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடத்தலாம் என்று மட்டும் நினைக்காதே. உடம்பு செய்கிற ஒன்றுக்கு வெட்கப்பட்டு நான் கெடுத்தது என் உடம்பை அல்ல, உன்னை.

வலியாக நிற்கிறவனுக்குப் புத்தி தெளிவு வேண்டும் என்று மார்க்கத்தில் இருக்கிறது. அது இப்போது இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் என்னைப் பார்க்க உனக்கு மனம் வராவிட்டால், பொறுப்பைக் காக்காவிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஊருக்கு நான் காரணம் சொல்லிக்கொள்வேன், இந்த முறை உண்மையான காரணம். நான்தான் நிற்க வேண்டும் என்று இதற்குப் பிறகும் நீ சொன்னால், அன்றைக்குக் காலையிலும் எல்லாருக்கும் முன்னால் பாணி மருந்தைக் குடிப்பேன். என்னை நடுவில் உட்கார வைக்க வேண்டாம். பள்ளிவாசலின் பின்கதவுக்குக் கிட்ட, கக்கூசுக்குப் போகிற வழியில் இடம் போடச் சொல். மௌலவி கேட்கிற நேரம் வயிறு கூப்பிட்டால் நான் எழும்பிப் போவேன். சபை இருக்கட்டும், மாப்பிள்ளை இருக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கழுவி, வுழூ எடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்து உன் பெயரைச் சொல்வேன்.

கோபம் வந்தால் உடனே பதில் போடாதே, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நீ என்ன முடிவு எடுத்தாலும் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து இன்னொரு கடிதம் எழுத உட்காருவேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபடியால் அது சின்னதாக இருக்கும்.

உன் வாப்பா